மிளகு விலை கேட்க வந்தவர்கள்

காலை ஆறே முக்கால் மணி. கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஓர் அளவு நாடா. வீட்டு வாசலில் கழிவுத் தண்ணீர் ஓடும் கானை ஒட்டி, எங்கள் வரிசையின் முதல் வீட்டுப் படியிலிருந்து கடைசி வீட்டுச் சுவரை நோக்கித் தரையோடு தரையாக அதை இழுத்துப் பிடித்திருந்தார்கள். ஒரு முனையில் நான் முன்பின் பார்த்திராத ஒருவர். மறுமுனையில் வீடுகளின் சொந்தக்காரரான ஹாஜியாருடைய மச்சான்.

கடைசி வீட்டுப் பார்வதி அக்கா பைப்படியில் வாளியோடு நின்றார். "என்னங்க, கானை அளக்கிறீங்களா, எங்களை அளக்கிறீங்களா?" என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். புதியவர் நிமிர்ந்து பார்க்காமலே, எல்லாவற்றையும்தான் என்று சிங்களத்தில் சொன்னார். அக்கா வாளியை நிரப்பாமல் உள்ளே போய்விட்டார்.

மாவட்ட நிருபர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் இரண்டொருவர், ஊரே பயந்துபோய் இருக்கும்போது செய்தியை எப்படி எழுதுவது என்று கேட்டீர்கள். எப்படி எழுதுவது என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. எழுதாமல் விட்ட ஒரு வாரத்தைப் பற்றிச் சொல்ல முடியும்.

எழுபதுகளின் தொடக்கம். நான் ஒரு தமிழ்த் தினசரிக்கு மாத்தளை நிருபர். அதற்கு முன்பு கொழும்புத் தலைமை அலுவலகத்தில் வர்த்தகப் பக்கத்தில் வேலை பார்த்தேன். தரகர்கள் தினமும் கூடிப் பங்குகளைக் கூவி விற்பார்கள். முடிந்ததும் விலைகள் தொலைபேசியில் வரும். அவற்றைக் கேட்டு எழுதுவது என் வேலை. என் எதிர்மேசையில் இருந்த மூத்த உதவி ஆசிரியர் அதிகம் பேசமாட்டார். நான் எழுதியதை வாங்கிப் பார்ப்பார். ஒரு விலை நேற்றுப் போலவே இன்றும் இருந்தால், அதன்மேல் விரலை வைத்து, "வாங்குனாங்களா, சும்மா இருக்கா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை முதலில் எரிச்சலோடுதான் கேட்டுக்கொண்டேன். பிறகுதான் விளங்கியது. ஒரு பங்கை யாரும் வாங்காத நாளிலும் அதற்கு ஒரு விலை அச்சாகும். கடைசியாக என்றைக்கோ கைமாறிய விலை அது. வாசகருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

இந்தக் கதையில் வருவது முன்னுரிமைப் பங்கு. கம்பனிக்கு இலாபம் வந்தால், மற்றப் பங்குக்காரர்களுக்கு முன்பாக இவர்களுக்குக் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பது முன்பே குறிக்கப்பட்டிருக்கும். அது ஏறாது, குறையாது. ஓய்வுபெற்றவர்களும் கோயில் தர்மகர்த்தாக்களும் கணவனை இழந்தவர்களும் அதைத்தான் விரும்பினார்கள். மாத்தளையில் அப்படிப் பலர் இருந்தார்கள். அவர்கள் வைத்திருந்ததெல்லாம் பெரும்பாலும் ஒரே கம்பனியின் பங்குகள். கொழும்பில் தேயிலைக் களஞ்சியங்கள் வைத்திருந்த பழைய கம்பனி அது. விலை மாதக்கணக்காக அசையாமல் நின்றது.

அந்த நாட்களில் இன்னொரு பேச்சும் ஊரில் ஓடியது. ஒரு குடும்பம் இத்தனை வீடுதான் வைத்திருக்கலாம், அதற்கு மேற்பட்டதை அரசாங்கம் எடுத்து, குடியிருப்பவர்களுக்கே விற்கும் என்று ஒரு சட்டம் வரப்போகிறது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி அல்லவா என்று நீங்கள் நினைப்பீர்கள். சட்டம் வந்த பிறகு நல்ல செய்திதான். வருவதற்கு முன்னால் இருக்கும் இடைவெளிதான் பயம். அந்த இடைவெளியில் சொந்தக்காரர்கள் வீடுகளை விற்றுத் தள்ளினார்கள். குடியிருப்பவர்களை வீட்டைவிட்டு எழுப்ப முடியாது என்று வாடகைச் சட்டம் சொன்னது. எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு வீட்டை வாங்கியவர் யாரையும் எழும்பச் சொல்லவில்லை. திருத்தவேண்டும் என்று கூரை ஓடுகளை இறக்கி அடுக்கிவைத்தார். பிறகு ஆட்கள் வரவில்லை. மழை வந்தது. அந்தக் குடும்பம் பலாபத்வலப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டது. அடுக்கிய ஓடுகள் மதிலோரம் அப்படியே இருந்தன. எங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் போனார்கள்.

இதனால் மாத்தளையில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டானது. எங்கள் வரிசைக்கு எதிரே ஒரு சலூன். அங்கே பத்திரிகை வந்ததும் சலூன்காரர் முதலில் வர்த்தகப் பக்கத்தை விரித்து, அந்த ஒரு பங்கின் விலையைச் சத்தமாக வாசிப்பார். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒரு பங்கைக் கண்ணால் கண்டவர்கள் இல்லை. கொக்கோ ஸ்டோரில் வேலைசெய்கிறவர்கள், கடைச் சிப்பந்திகள், பார்வதி அக்காவின் புருசன் ராமையா அண்ணன். வீட்டை விற்கும் பணக்காரர்கள் இந்தப் பங்கில்தான் பணத்தைப் போடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆகவே விலை ஏறினால் வீடுகள் விலைபோகின்றன என்று அர்த்தம். ஏறவில்லை என்றால் இன்றைக்குத் தப்பினோம். "அசையலீங்க" என்று சலூன்காரர் சொன்னதும் ராமையா அண்ணன் எழும்பி வேலைக்குப் போவார்.

நான் அதைத் திருத்த முயலவில்லை. அசையாத விலை எதற்கும் சாட்சி இல்லை என்று சொன்னால், அவர்களுக்கு இருந்த அந்தச் சின்ன ஆறுதலும் போய்விடும்.

நாடா வந்த அன்றே ஹாஜியார் என்னைக் கடைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். பெரிய தெருவில் அவருக்கு மிளகு, கிராம்பு, கொக்கோ வாங்கி விற்கும் கடை. அறுபது வயது தாண்டியவர். வாழ்நாளெல்லாம் பங்கு எதையும் தொடாதவர். குறித்த தொகை வருடந்தோறும் வருவது, மார்க்கம் விலக்கிய வட்டி மாதிரித் தெரிந்தது அவருக்கு. அதனால்தான் கையில் வந்ததையெல்லாம் வீடாகக் கட்டினார். அந்தப் பேணுதல்தான் இப்போது அவரைச் சட்டத்தின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

பால் விடாத பிளேன்டி வந்தது. அவர் தன்னுடையதைத் தொடவில்லை.

"தூக்கமே இல்ல தம்பி. அந்த வரிசையக் கண்டியால ஒரு ஆள் கேக்கிறாரு. ஒடச்சிட்டு ஸ்டோர் கட்டப் போறாராம். மச்சான் சொல்றான், வீட்ட அரசாங்கம் எடுக்கும், காயிதத்த எடுக்காதுண்டு. வித்த சல்லிய இந்தப் பங்குல போடட்டாம். ஒங்கட பேப்பர்லதான் தெனமும் போடுறீங்க. வெல அசையவே இல்லியே. நீங்க என்ன சொல்றீங்க?"

வட்டி பற்றி அவர் கேட்டுத் தெளிந்துவிட்டாராம். மச்சான் விளக்கினாராம்: இலாபம் வந்தால்தான் கொடுப்பார்கள், நட்டம் வந்தால் கொடுக்கமாட்டார்கள், ஆகவே இது வட்டி இல்லை. ஹாஜியார் அந்த வாக்கியத்தின் முதல் பாதியில் நிம்மதி அடைந்திருந்தார். இரண்டாம் பாதியை அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் சொன்னேன்: "பதில் சொல்றதுக்கு முன்னால ஒண்ணு, ஹாஜியார். நான் ஒங்க மூணாவது வீட்டுல இருக்கிறவன். நீங்க வித்தா நானும் பிள்ளைகளோட ரோட்டுலதான். அத மனசுல வச்சுக்கிட்டு நான் சொல்றதக் கேளுங்க."

அவர் சிரித்தார். "கோழியக் கூப்பிட்டு, அறுக்கட்டா வேணாமாண்டு நான் கேக்கிறன் போல."

வாங்குவோர் இல்லாத விலையைப் பற்றி விளக்கினேன். மரியாதையோடு கேட்டார். நம்பவில்லை. நம்பாததில் நியாயம் இருந்தது. நான் சொன்னது உண்மை. ஆனால் அதே வார்த்தைகளை, வீட்டைக் காப்பாற்ற நினைக்கும் ஒரு பொய்யனும் சொல்லியிருப்பான். பத்திரம் எழுத நொத்தாரிசிடம் நாள் குறித்தாயிற்று என்றார். அந்த வாரக் கடைசியில்.

இதையும் சொல்லவேண்டும். சில வாரங்களுக்கு முன்பு, தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் என்னிடம் வந்திருந்தார். ஊரில் எல்லோரும் கிளாக்கர் ஐயா என்றுதான் அழைப்பார்கள். மகளுக்குச் சம்பந்தம் கூடியிருந்தது. அதே பங்குகளை விற்க மாதக்கணக்காக முயன்றும் வாங்க ஆள் இல்லை. கொழும்பில் எனக்குத் தெரிந்த தரகர் யாராவது உண்டா என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும், ஆகவே யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். சரி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஹாஜியாரிடம் அவருடைய பெயரைச் சொல்லியிருந்தால் அந்தப் பிளேன்டி ஆறுவதற்குள் விசயம் முடிந்திருக்கும். சொல்லவில்லை.

அன்று மாலை தலைமை அலுவலகத்திலிருந்து டிரங்க் கோல். மாத்தளையில் வீடுகள் அவசர அவசரமாகக் கைமாறுகின்றனவாமே, முதல் பக்கத்துக்குத் தரமுடியுமா என்று செய்தி ஆசிரியர் கேட்டார். வீட்டுக்கு வந்தால் பார்வதி அக்கா வாசலில் நிற்கிறார். அவருக்கும் அதே வேண்டுகோள்.

"எழுதிப் போடுங்க தம்பி. பேப்பர்ல வந்தா அவங்களுக்கும் கொஞ்சம் பயம் வரும்ல."

"அவங்க ஏற்கெனவே பயந்துதான் விக்கிறாங்க அக்கா."

"அப்ப எங்களுக்கு மட்டும் என்ன, குளிர்காய்ச்சலா?" என்றார். "நாங்க இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் குடுத்துட்டோம், தெரியும்தானே. தோட்டத்துல இருந்தப்ப எல்லாரும் எழுதுனாங்கன்னு இவரும் எழுதிட்டாரு. அங்க எங்களுக்கு யாரு இருக்கா? கூப்பிடுற வரைக்கும் இருக்க இந்த வீடாவது வேணும்."

நான் எழுதவில்லை. செய்தி உண்மையானது. ஆதாரம் என் வாசலிலேயே இருந்தது. ஆனால் அது அச்சானால், இன்னும் யோசித்துக்கொண்டிருந்த மற்றச் சொந்தக்காரர்கள் அடுத்த நாளே நொத்தாரிசுமாரைத் தேடிப் போவார்கள். ஒரு வரிசையைக் காப்பாற்ற எழுதி, பத்து வரிசையைக் கெடுத்தவனாவேன். அதோடு அது என் வீட்டைப் பற்றிய செய்தி. என் வீட்டைப் பற்றி நானே எழுதி, கீழே 'எமது நிருபர்' என்று போட முடியாது. செய்தி ஆசிரியரிடம் இரண்டாவது காரணத்தை மட்டும் சொன்னேன். வேறு ஆளை அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பவில்லை.

மறுநாள் ஹாஜியாரிடம் மறுபடியும் போனேன். என்னை நம்பவேண்டாம் என்றேன்.

"நீங்க விக்கிறதப் பத்தி யாருகிட்டயும் பேச வேணாம். இந்தப் பங்குல கொஞ்சம் வாங்கப் போறேன், பேப்பர்ல இருக்கிற வெலைக்கே வாங்குவேன்னு ஒரு ஆள்கிட்ட சொல்லுங்க. அது போதும். யாரு வாறாங்கன்னு பாருங்க."

"நல்ல சாமான கையில வெச்சிக்கிட்டு எவன் விக்க வருவான்?"

"யாரும் வராட்டி நான் சொன்னது பொய். நீங்க போய்ப் பத்திரத்துல கையெழுத்து வையுங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

ஹாஜியார் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "சொன்னா வாங்கணும் தம்பி. சும்மா சோதிச்சிப் பாக்கத் தெருவுல ஒரு பேச்சுப் பேச எனக்கு ஏலாது." மொத்தமாக இல்லை, முதலில் வருகிறவரிடம் மட்டும், ஒரு சிறு தொகைக்கு வாங்குவதாக முடிவு செய்தார். அன்று மாலை சலூனில் தாடி திருத்தும்போது அதைச் சொன்னார். அதற்குமேல் விளம்பரம் தேவைப்படவில்லை.

அடுத்த நாள் காலை சலூன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெரிய தெருவின் வளைவில் ஹாஜியாரின் கடை அங்கிருந்து நன்றாகத் தெரியும். கடை திறந்தது. யாரும் வரவில்லை. மூட்டை இறக்க வந்தவர்கள் இறக்கிவிட்டுப் போனார்கள். மச்சான் கடை வாசலில் சாய்வாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாவுல ஊருக்குப் போகும் பஸ் வந்தது, போனது. பார்வதி அக்கா கொக்கோ ஸ்டோருக்குப் போகிற வழியில் என்னிடம் ஒன்றும் கேட்காமல், என் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். நான் கணக்குத் தவறிவிட்டேனோ என்று முதன்முதலாக நினைத்தேன். கிளாக்கர் ஐயாவைத் தவிர வேறு யார் விற்க நினைக்கிறார்கள் என்று எனக்கு உண்மையில் தெரியாது. அவரும் சபைக்கு வரத் துணியமாட்டார் என்றால் எல்லாம் முடிந்தது.

வெயில் ஏறிய பிறகு அவர் வந்தார். கோட், குடை, பளபளப்பான சப்பாத்து. கடைப்பையனிடம் மிளகு என்ன விலை என்று கேட்டார். வீட்டுக்கு வேண்டிய மிளகை அவருடைய பழைய தோட்டத்திலிருந்தே அனுப்புவார்கள் என்பது ஊருக்குத் தெரியும். ஹாஜியார் அவரை உள்ளே கூட்டிப்போனார்.

அவர் உள்ளே இருக்கும்போதே ஓய்வுபெற்ற தபால் அதிபர் வந்தார். அவரும் மிளகு விலைதான் கேட்டார். பிறகு கோயில் தர்மகர்த்தா ஒருவர். பிறகு ஒரு கார் வந்து நின்றது. காலஞ்சென்ற டாக்டரின் மனைவி இறங்காமல் சாரதியை அனுப்பினார். சாரதி வந்து, அம்மா மிளகு விலை கேட்கச் சொன்னா என்றார். நடந்து வந்த இன்னும் சிலரை எனக்குத் தெரியாது. எல்லோருடைய கையிலும் ஒரு உறை இருந்தது.

சலூன்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். "இன்னைக்கு மிளகுக்கு என்னாங்க வந்துச்சு?" என்றார்.

கிளாக்கர் ஐயா வெளியே வந்தபோது வாசலில் நின்ற மற்றவர்களைப் பார்த்தார். அவர்களும் அவரைப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் மாட்டிக்கொண்டதாக மாதக்கணக்காக நினைத்திருந்தவர்கள். அந்தக் கணத்தில் யாரும் வணக்கம் சொல்லவில்லை. தர்மகர்த்தா மிளகுச் சாக்கில் கைவிட்டு இரண்டு மணியை எடுத்து விரலில் உருட்டினார். ஊரில் ஒரு கலவரத்தையும் ஒரு மண்சரிவையும் எழுதியிருக்கிறேன். அங்கே பார்த்த முகங்களைவிட இந்த முகங்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. சத்தமே இல்லாமல் இருந்தன.

ஹாஜியார் என்னை உள்ளே கூப்பிட்டார். மச்சானும் நின்றார். வந்த ஒவ்வொருவரும் என்ன சொன்னார்கள் என்று ஹாஜியார் மெதுவாகச் சொன்னார். கம்பனிக்கு ஒன்றும் இல்லை, நல்ல கம்பனி, வீட்டில் ஒரு சின்னத் தேவை என்றார்களாம். மகளுக்குக் கல்யாணம். கண் ஒபரேசன். கோயில் மண்டபத்துக்குக் கூரை. பயம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

பிறகு மச்சானிடம் திரும்பினார்.

"நீ எனக்கு வாங்கித் தாறண்டு சொன்ன பங்கு. அது யாருட?"

மச்சான் வாசலில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"என்டதுதான்" என்றார் மச்சான். "எனக்கும் பயம், மச்சான். ரெண்டு கொமருப் பிள்ளைகளும் கல்யாணம் ஆகாம ஈக்கு."

ஹாஜியார் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழும்பிப் போய் மச்சானுக்குத் தானே ஒரு பிளேன்டி ஊற்றிக் கொடுத்தார். "மிச்ச ஆக்கள்ட்ட மிளகு வெல சொல்லி அனுப்பு" என்று கடைப்பையனுக்குச் சொன்னார்.

கண்டிக்காரருடைய பத்திரத்தில் அவர் கையெழுத்து வைக்கவில்லை. நாடா மறுபடியும் வரவில்லை. ராமையா அண்ணனுக்குக் காரணம் தெரியாது. விலை அசையாததால்தான் தப்பினோம் என்று சலூனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாடம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். உங்களுக்குச் சம்பந்தம் உள்ள விசயத்தில் வாய் திறக்க நேர்ந்தால், சம்பந்தத்தை முதலில் சொல்லுங்கள். அதனால் உங்கள் உண்மை பாதி விலைக்குத்தான் போகும். மிச்சப் பாதியை, கேட்பவர் தன் கண்ணாலேயே பார்க்கிற வழி ஒன்றைத் தேடுங்கள். ஆனால் அந்த வழிக்கும் யாரோ கொடுக்கவேண்டியிருக்கும். கிளாக்கர் ஐயாவிடம் ஹாஜியார் சொன்னபடி சிறு தொகைக்கு வாங்கிக்கொண்டார். கல்யாணமும் நடந்தது. ஆனால் வாசலில் அவரை ஊர் பார்த்துவிட்டது. நான் வாயால் எதையும் சொல்லவில்லை. என்றாலும் யாருடைய யோசனை என்று அவருக்கு விளங்கியிருந்தது. அதற்குப் பிறகு என்னைக் கண்டால் குடையைச் சரித்துக்கொண்டு போவார். தபால் அதிபரின் பங்குகளை யாரும் வாங்கவில்லை. அவர் கண்ணுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமலே இருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றைக்கு வேறு வழி இருந்ததா என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

சட்டம் வந்தது. வரம்புக்கு மேற்பட்ட வீடுகளை ஹாஜியார் கையளித்தார். எங்கள் வரிசை அதற்குள் போனது. குடியிருந்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். நான் விண்ணப்பித்து, தவணையில் கட்டி, மூன்றாவது வீட்டை வாங்கினேன். வரிசையில் மற்றவர்களும் ஒவ்வொருவராக வாங்கினார்கள். கடைசி வீட்டுக்காகப் பார்வதி அக்காவைக் கூட்டிக்கொண்டு நானே அலுவலகங்களுக்குப் போனேன். இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்களுக்கு விற்கலாமா என்ற கேள்விக்கு எந்த மேசையிலும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. ஒரு மேசையில் அடுத்த மேசையைக் காட்டினார்கள். பதில் வருவதற்குள் அவர்களுடைய இந்தியக் கடவுச்சீட்டு வந்துவிட்டது.

ஒரு வியாழக்கிழமை காலை மாத்தளை ஸ்டேசனில் அவர்களை ரயிலேற்றினேன். தலைமன்னார் போய்க் கப்பல் ஏறவேண்டும். பெட்டிகளை அடுக்கிய பிறகு ராமையா அண்ணன் என் கையிலிருந்த பத்திரிகையைக் காட்டி, "இன்னைக்கு எப்படீங்க?" என்று கேட்டார். விரித்துப் பார்த்துச் சொன்னேன்.

நாடா வந்த நாளில் இருந்த அதே விலை.